பத்தில் எது உள்ளே, எது வெளியே: 2023 கேம் பட்டியல் சண்டை

2 டிசம்பர் 2023

2023-ன் சிறந்த பத்து வீடியோ கேம்களுக்குப் பட்டியல் போடப் போகிறேன் என்றதும் ஒரு தம்பி கேட்டது இது: “அண்ணே, ரெசிடென்ட் ஈவில் 4 வந்தது 2005-ல. அதையே பாலிஷ் போட்டு இந்த வருஷம் இறக்கியிருக்காங்க. இப்ப ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவுல ஆண்டின் சிறந்த கேமுக்கு நிக்கிற ஆறுல அதுவும் ஒண்ணு. பழைய படத்தை டிஜிட்டல் பண்ணி மறுபடி தியேட்டர்ல விட்டா அதுக்கும் இந்த வருஷ அவார்டு குடுப்பீங்களா? உங்க பத்துல அது இருந்துச்சுன்னா நான் சண்டைக்கு வருவேன்.”

2 டிசம்பர், இரவு

இருக்காது. சண்டை வேண்டாம்.

என் விதிகள் மூன்று. ரீமேக் கிடையாது. டி.எல்.சி. (வந்த கேமுக்குப் பிறகு தனியாக விற்கும் கூடுதல் பகுதி) கிடையாது. முடிக்காத கேம் கிடையாது. முதல் விதியிலேயே ரெசிடென்ட் ஈவில் 4, டெட் ஸ்பேஸ், மெட்ராய்டு பிரைம் ரீமாஸ்டர்டு மூன்றும் வெளியே. 2005, 2008, 2002 என்று அவற்றுக்குத் தனித்தனிப் பிறந்த வருஷம் இருக்கிறது. ஒருத்தருக்கு ஒரு பிறந்தநாள் போதும்.

3 டிசம்பர்

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது.

2006 வாக்கில் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் பிளேஸ்டேஷன் 2 வைத்து மணிக்குப் பதினைந்து ரூபாய்க்கு விடுவார்கள். ரெசிடென்ட் ஈவில் 4 அங்கேதான் பழக்கம். விட்ட இடத்தைச் சேமிக்க மெமரி கார்டு கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பத்திலிருந்து. கதாநாயகன் லியோன் காட்டுப்பாதையில் நடப்பான், அந்தக் கிராமத்துக்குள் நுழைவான், சங்கிலி ரம்பத்தோடு சாக்குமூடி ஆள் வருவான், கோயில் மணி அடிக்கும், எல்லோரும் போட்டது போட்டபடி கிளம்பிப் போவார்கள், நம் நேரமும் முடியும். அந்தக் கிராமத்தில் எந்த வீட்டில் ஷாட்கன் என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்கப்பால் என்ன என்று தெரியாது. கோட்டை, தீவு எல்லாம் கேள்விப்பட்டதோடு சரி.

ஆக, பழைய கேமை நான் முடிக்கவே இல்லை. முழுதாகப் பார்த்தது இந்த மார்ச்சில், ரீமேக்கில். எனக்கு இது 2005 கேம் என்று எந்த வாயால் சொல்வது?

5 டிசம்பர்

தம்பி விடவில்லை: “அது உங்க சொந்தக் கதைண்ணே. கேமைப் பத்திப் பேசுங்க.”

பேசுகிறேன். பழையதில் சுட வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நடந்துகொண்டே சுட முடியாது. அந்தப் பயமே அதிலிருந்து வந்ததுதான்: நாலு பேர் நடந்து வருகிறார்கள், நீங்கள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறீர்கள். புதியதில் நகர்ந்தபடியே சுடலாம். அப்படியானால் பயம் போய்விட வேண்டுமே? போகவில்லை. ஆட்களை வேகமாக, நெருக்கமாக விட்டிருக்கிறார்கள். அந்த ரம்பத்தையே கத்தியால் தடுக்கலாம். ஆனால் தடுக்கத் தடுக்கக் கத்தி தேயும், கடைசியில் உடையும், வியாபாரியிடம் காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். கத்தியில் எவ்வளவு மிச்சம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடுவது, பழைய கேமில் இல்லாத பதற்றம்.

லியோன் காப்பாற்ற வேண்டிய பெண் ஆஷ்லிக்குத் தனி உயிர்க்கோடு இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். அதற்கே ஒரு மாலை போடலாம்.

பழைய படத்தை டிஜிட்டல் பண்ணுவது மெட்ராய்டு பிரைம் செய்தது. ரெசிடென்ட் ஈவில் 4 செய்தது அதே கதையை வேறு ஆள் வேறு கேமராவில் எடுத்தது. ரீமாஸ்டர் வெளியே, ரீமேக் உள்ளே. விதியைத் திருத்திவிட்டேன். சண்டைக்கு வரலாம்.

6 டிசம்பர்

சைபர்பங்க் 2077 கேமின் ரசிகர்கள் வந்துவிட்டார்கள். 2020 டிசம்பரில் வந்து, ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே தூக்கப்பட்ட கேம். இந்த செப்டம்பரில் 2.0 அப்டேட், அடுத்த வாரமே ஃபேன்டம் லிபர்ட்டி என்ற டி.எல்.சி. இப்போது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து வந்த மாப்பிள்ளைக்கு முதல் பந்தியில் இலை போட முடியாது. டி.எல்.சி. விதி நிற்கிறது.

8 டிசம்பர், காலை

காலை ஆறு மணிக்கு எழுந்து காபியோடு விழாவைப் பார்த்தேன். ஆண்டின் சிறந்த கேம் பரிசை பால்டர்ஸ் கேட் 3 வாங்கிவிட்டது. அதைச் செய்த லாரியன் ஸ்டூடியோவின் தலைவர் ஸ்வென் வின்க்கே இரும்புக் கவசத்தோடு மேடையேறினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று திரை மின்னியது. வரப்போகும் கேம்களின் டிரெய்லருக்கு நேரம் இருந்தது, ஜெயித்தவன் பேச இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நகரச் சொல்லிவிட்டு சமையல் கான்ட்ராக்டர் விளம்பரம் ஓட்டினால் எப்படி இருக்கும்?

மக்கள் ஓட்டு என்று நினைப்பவர்களுக்கு: அங்கே நடுவர் குழுவின் எடை 90 சதவீதம், நம் ஓட்டு 10 சதவீதம்தான். கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

என் பட்டியலிலும் முதலிடம் அதற்கே.

8 டிசம்பர், மதியம்

மச்சான் ஃபோன் பண்ணினான். “நீ எங்க முடிச்ச?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

முடிக்கவில்லை. 41 மணி நேரம், இரண்டாவது ஆக்டின் வாசலில் நிற்கிறேன். மூன்று ஆக்ட் உள்ள கேம். மூன்றாவது விதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

முடிக்காமல் முதலிடம் கொடுப்பது, பாதிச் சாப்பாட்டில் சமையலுக்குச் சான்றிதழ் எழுதுவது மாதிரி. ஆனால் சாம்பாரை ருசி பார்க்க அண்டா முழுதும் குடிக்கத் தேவையில்லை என்பதும் உண்மை. எனக்குத் தோன்றியது ஒரு மாலைதான். அக்கா மகன் கண்ட்ரோலரை வாங்கி, விலங்குகளோடு பேசும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு, தோப்பில் நின்ற ஒரு மாட்டோடு பேசப் போனான். நான் இருபது மணி நேரத்தில் அந்த மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடு பதில் சொன்னது. அதற்கு ஒருவர் வசனம் எழுதி, ஒருவர் குரல் கொடுத்து, பத்தில் எட்டுப் பேர் கடந்து போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். முழுக்க முடித்தவன்கூட இந்த கேமைப் பாதிதான் பார்த்திருப்பான். அப்புறம் ‘முடித்தல்’ என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?

(சால்ஜாப்பு என்று மச்சான் சொல்கிறான். கொஞ்சம் அப்படித்தான்.)

8 டிசம்பர், இரவு

மறந்தது: பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபரிலேயே எர்லி ஆக்சஸில் (செய்து முடிக்கும் முன்பே விற்பது) விற்பனைக்கு வந்தது. காசு வாங்கி மூன்று வருஷம். அப்போது அது 2020 கேமா? சைபர்பங்க்குக்கு இலை இல்லை என்றேன், இதற்கு மட்டும் தலைவாழை இலை. தூங்கப் போகிறேன்.

10 டிசம்பர்

செல்டா வரிசையின் புது கேம் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று குறை. அது ஓடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி என்னிடம் இல்லை. நிண்டெண்டோ இங்கே முறையாகக் கடை விரிக்கவே இல்லை. ஆபீஸ் நண்பர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததை மூன்று வாரம் கடன் வாங்கினேன். மூன்று வாரத்தில் அந்த கேமை எடைபோட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

2017-ல் முந்தைய கேமில் பார்த்த அதே ஹைரூல் நாட்டு வரைபடம்தான், மேலே வானத்தீவுகளும் கீழே இருட்டுப் பாதாளமும் சேர்ந்தது. ‘பழைய வரைபடத்தை மறுபடி விற்கிறான்’ என்று நானும் மே மாதம் சொன்னவன். பிறகு முதல் தீவிலேயே வாயடைத்துப் போனேன். எதையும் தூக்கி எதோடும் ஒட்டலாம். ஒரு பள்ளத்தைக் கடக்க நான் அரைமணி நேரம் மரக்கட்டைகளை அடுக்கிப் படகு மாதிரி, இறக்கை மாதிரி என்னென்னவோ கட்டினேன். ஒவ்வொன்றும் கவிழ்ந்தது. அக்கா மகன் நாலு கட்டையை நீளவாக்கில் ஒட்டி, தூக்கி, குறுக்கே போட்டு, நடந்து போய்விட்டான். “மாமா, பாலம்” என்றான்.

என் தோல்வியையும் அவன் பாலத்தையும் ஒரே கேம் ஏற்றுக்கொண்டது. அதே வீட்டில் வேறு குடித்தனம். இரண்டாமிடம்.

13 டிசம்பர்

இப்போது நிஜச் சண்டை. வெண்பா.

டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது, ஜூலை 31-ல் வந்தது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விழாவில் இரண்டு பிரிவில் பரிந்துரை, இரண்டிலும் பரிசில்லை.

இதை என் பத்தில் வைத்தேன் என்றதும் வந்த முதல் எதிர்ப்பு: “90 நிமிஷ கேமும் 90 மணி நேர கேமும் ஒரே பந்தியா?”

ஒரு விஷயம் சொல்கிறேன். முதல் சமையல் இட்லி. நான் தட்டுகளில் மாவை ஊற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மளமளவென்று வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அப்படியே வச்சா மேல் தட்டுக்கு ஆவி எப்படிடா போகும்? திருப்பி வை” என்றார். அம்மாவுக்கு கேம் என்றால் நான் தூங்காமல் கண்ணைக் கெடுத்துக்கொள்வது. அது வரைக்கும் திரையில் நடக்கும் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திருப்பி வைத்தேன். அவர் சொன்னதுதான் விடை. “தட்டுல துணி போட்டானா, எண்ணெய் தடவுனானா?” என்று அடுத்த கேள்வி வேறு.

அதற்குப் பிறகு கீரையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடம் வந்தபோது ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

14 டிசம்பர்

நேற்றைக்கு எழுதியதைப் படித்தால் எனக்கே சந்தேகம். இது தகுதியா, ஊர்ப்பாசமா?

இதே கேம் ஒரு போர்ச்சுகீசியக் குடும்பத்தைப் பற்றி, மீனும் உருளைக்கிழங்கும் சமைப்பதாக இருந்திருந்தால் பத்துக்குள் வைத்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால் பதினைந்துக்குள். அம்மா வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

கேமாக மட்டும் பார்த்தால் குறை இருக்கிறது. புதிர்கள் எளிது. தப்பாகச் சமைத்தால் பெரிய இழப்பில்லை, மறுபடி செய்யலாம். சில வருஷங்களைத் தாண்டிக் குதிக்கும் இடத்தில் இன்னும் ஒரு அத்தியாயம் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அந்தப் பக்கம் மொழியையே புதிராக்கிய ஒரு கேமும் இதே வருஷம் வந்தது: சாண்ட்ஸ் ஆஃப் சென்னார். ஒரு கோபுரத்தில் அடுக்கடுக்காக வெவ்வேறு மக்கள், வெவ்வேறு குறியீட்டு எழுத்து, சைகையையும் சுவரோவியத்தையும் பார்த்துப் பொருளை நாமே குறித்து வைக்க வேண்டும். புதிராக அது வெண்பாவைவிட நூறு மடங்கு கனம். அதையும் சேர்க்கிறேன்.

ஆனால் வெண்பாவை எடுக்க மாட்டேன். ஜோம்பி, கோட்டை, நாகம், விண்கலம் என்று முப்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு நினைவுகளை நம் நினைவாக நினைத்து விளையாடியிருக்கிறோம். அமெரிக்க விமர்சகன் ஒருவன் தன் ஊர்ச் சாலையில் ஓடும் கேமுக்குப் பத்துக்குப் பத்து போட்டால் அதை யாரும் ஊர்ப்பாசம் என்பதில்லை.

15 டிசம்பர்

மேலே கடைசி வரி கொஞ்சம் சூடு. இருக்கட்டும்.

18 டிசம்பர்

‘அக்கா மகன் எத்தனை வயசு, அவன் பட்டியல் போடட்டும்’ என்று கேட்டிருந்தார்கள். கேட்டேன். முதலிடம் லீத்தல் கம்பெனி. ஒரே ஆள் செய்தது, அக்டோபரில் எர்லி ஆக்சஸ், நாலு பேர் சேர்ந்து இருட்டில் பழைய இரும்பு பொறுக்கி, அலறி, சாக வேண்டும். இரண்டாமிடமும் லீத்தல் கம்பெனி. மூன்றாவதாக என்னைத் திருப்திப்படுத்த மாரியோ வொண்டர் சொன்னான்.

21 டிசம்பர்

ஆலன் வேக் 2 எங்கே என்று ஏழு பேர்.

என் கணினியில் இருப்பது ஏழு வருஷத்துப் பழைய கிராபிக்ஸ் கார்டு. அந்த கேம் கேட்கும் மெஷ் ஷேடர் என்ற புதுப் படம் வரையும் வசதியே அதில் கிடையாது. நண்பன் வீட்டில் இரண்டு மணி நேரம் பார்த்தேன். விளையாடவில்லை, பார்த்தேன். இயக்கம், கதை, கலை மூன்றுக்கும் விழாவில் பரிசு வாங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அடுத்தவன் விளையாடியதைப் பார்த்துவிட்டு நான் இடம் போட மாட்டேன். இந்த ஒரு விதியாவது உடையாமல் இருக்கட்டும். எந்த நிறுவனமும் என் கார்டுக்காக கேம் செய்யத் தேவையில்லை என்பதும் தெரியும்.

ஆண்டுப் பட்டியல் என்பது பாதி பணப்பட்டியல் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. பால்டர்ஸ் கேட்டுக்கு 150 ஜி.பி. இடம் வேண்டும். அதை இறக்க நான் மூன்று ராத்திரி கணினியை அணைக்காமல் விட்டேன். நடுவில் ஒரு நாள் கரண்ட் போனது.

22 டிசம்பர்

சின்னத் திருத்தம்: டேவ் தி டைவர் கேமை ‘இண்டி’ (பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல் சின்னக் குழு செய்வது) என்று எங்கோ எழுதியிருக்கிறேன். அதைச் செய்த மின்ட்ராக்கெட், நெக்சான் என்ற பெரிய நிறுவனத்தின் பிள்ளை. பெரிய வீட்டுப் பிள்ளை குடிசை வேஷம் போட்டால் இண்டி ஆகாது. கேம் அருமை. பகலில் மீன் பிடி, ராத்திரி சுஷி விற்பனை. ஒன்பதாமிடம்.

26 டிசம்பர்

அகெய்ன்ஸ்ட் தி ஸ்டார்ம் என்ற கேம் முழுப் பதிப்பாக வந்தது டிசம்பர் 8. அமெரிக்கக் கணக்கில் விழா முடிந்த மறுநாள். பரிந்துரைக்கு வாசல் நவம்பர் நடுவிலேயே மூடிவிடும். பத்திரிகைப் பட்டியல்களும் டிசம்பர் முதல் வாரமே அச்சுக்குப் போய்விடுகின்றன. டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு எந்த வருஷத்திலும் பிறந்தநாள் கொண்டாட்டம் இல்லை.

மாறாக, ஜனவரியில் வந்தால் மறந்துவிடுகிறார்கள். ஹை-ஃபை ரஷ் ஜனவரி 25 அன்று அறிவிப்பும் விற்பனையும் ஒரே நாளில். மொத்த உலகமும் பாட்டின் தாளத்துக்குத் துடிக்கும், நம் அடியும் தாளத்தில் விழ வேண்டும். எனக்குத் தாளம் சுத்தமாக வராது. பள்ளிக்கூடத்தில் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருந்தும் பன்னிரண்டு மணி நேரம் முடித்தேன், ஏனென்றால் தாளம் தப்பினால் கேம் தண்டிக்காது, சேர்ந்தால் கொண்டாடும். என் முதல் கையெழுத்துப் பட்டியலில் இது இல்லவே இல்லை. பத்து மாதத்தில் மறந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நாலாமிடம்.

31 டிசம்பர்

கடைசிப் பட்டியல், இனி மாற்ற மாட்டேன்: பால்டர்ஸ் கேட் 3 (முடிக்கவில்லை), டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் (அதையும்), ரெசிடென்ட் ஈவில் 4, ஹை-ஃபை ரஷ், சாண்ட்ஸ் ஆஃப் சென்னார், வெண்பா, கொக்கூன், மாரியோ வொண்டர், டேவ் தி டைவர், பீட்சா டவர். மீன் பிடிக்கப் போய் பயந்து திரும்பும் டிரெட்ஜ் பதினொன்றில் நிற்கிறது, எனக்கே மனசு கேட்கவில்லை. ஸ்பைடர்-மேன் 2 இல்லை, ஏனென்றால் பிளேஸ்டேஷன் 5 இல்லை. ஸ்டார்ஃபீல்டு இல்லை, ஏனென்றால் ஸ்டார்ஃபீல்டு.

3 ஜனவரி 2024

நடுவர்கள் வேண்டாம், மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்னவர்கள் எழுந்து நிற்கவும். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் ஓட்டெடுப்பு முடிவு வந்திருக்கிறது. ‘மிகப் புதுமையான ஆட்டமுறை’ பரிசு: ஸ்டார்ஃபீல்டு. வந்த பிறகும் தொடர்ந்து பாடுபட்டுப் பராமரித்ததற்கான பரிசு: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அதற்கு எந்தப் பாடும் நடந்து பல காலமாகிறது. மக்கள் குறும்புக்குக் குத்தினார்களா, விளங்காமல் குத்தினார்களா என்று அக்கா மகனிடம் கேட்டேன். “நானும் குத்துனேன் மாமா” என்றான்.

12 ஏப்ரல்

பாஃப்டா, பிரிட்டனின் கேம் விருது. சிறந்த கேம் பால்டர்ஸ் கேட் 3. சிறந்த அறிமுக கேம் வெண்பா!

அம்மாவிடம் சொன்னேன். “அந்த இட்லிப் பொண்ணா?” என்றார். லண்டனில் பரிசு என்றதும், “துணி போட்டிருந்தா முதல் பரிசு” என்றார்.

ஆறாமிடத்திலிருந்து ஏற்றலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. பரிசு வாங்கியதற்காக ஏற்றினால் டிசம்பர் 14-ல் நான் எழுதியதற்கு அர்த்தமில்லை. ஆறிலேயே இருக்கட்டும்.

8 மே

ஹை-ஃபை ரஷ் செய்த டாங்கோ ஸ்டூடியோவை மூடுவதாக நேற்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. போன டிசம்பரில் ஒலியமைப்புக்குப் பரிசு, போன மாதம் பாஃப்டாவில் அனிமேஷனுக்குப் பரிசு. பட்டியலில் நாலா ஐந்தா என்று நான் மல்லுக்கட்டியது இன்றைக்குக் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிகிறது.

19 ஆகஸ்ட்

போன வாரச் செய்தி, தாமதமாகப் பார்த்தேன்: டாங்கோவை கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டதாம், ஹை-ஃபை ரஷ்ஷையும் சேர்த்து. நல்லது.

13 டிசம்பர் 2024

ஒரு வருஷம் ஆயிற்று. அதே தம்பி: “அண்ணே, எல்டன் ரிங்கோட டி.எல்.சி. ஆண்டின் சிறந்த கேம் வரிசையில நின்னுச்சு. போன வருஷம் சைபர்பங்குக்கு இலை இல்லைன்னீங்க?”

சொன்னேன். இன்றும் சொல்கிறேன். ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற அந்த டி.எல்.சி.க்குள் நுழையவே பழைய கேமில் ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளைக் கொன்றிருக்க வேண்டும். வாசலிலேயே பழைய டிக்கெட் கேட்கிற வீட்டைத் தனி வீடு என்று நான் எண்ண மாட்டேன். (மோக்கை நான் இன்னும் கொல்லவில்லை. அதனால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.)

இன்று காலை விழாவில் ஆண்டின் சிறந்த கேம் பரிசை ஆஸ்ட்ரோ பாட் வாங்கியது. என்னிடம் இன்னும் பிளேஸ்டேஷன் 5 இல்லை. என் முதலிடம் பலாட்ரோ என்ற சீட்டு கேமுக்கு. பெயர் சொல்லாத ஒரே ஆள் செய்தது, என் பழைய கார்டில் பஞ்சு மாதிரி ஓடுகிறது, பிப்ரவரியிலிருந்து ஒரு நாள் விடவில்லை. போக்கரின் கை வரிசைகள் மட்டும்தான், காசு வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது. ஆனால் ஐரோப்பாவில் சூதாட்டச் சாயல் என்று 18 வயது முத்திரை குத்திவிட்டார்கள். அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்தார். திரையில் ஐந்து சீட்டு. “வீட்டுல சீட்டாடுறியா?” என்றார். ஐரோப்பிய வாரியமும் அம்மாவும் ஒரே கட்சி.

முதலிடம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால் மெட்டஃபர் என்ற வேறொரு கேமின் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.